கொலு மேடைக்குக் கயிறு எதற்கு?

நவராத்திரி நெருங்கும் வேளையில் ஆலயத் தொண்டர்கள் பொம்மைப் பெட்டிகளை இறக்கித் தூசு தட்டத் தொடங்கிவிடுவர். எங்கள் ஆலயத்திலும் அப்பணி தொடங்கிவிட்டது. பெட்டிகளோடு ஒரு பழைய வழக்கும் இறங்கி வந்துள்ளது. கொலு மேடையைச் சுற்றிக் கயிறு கட்டுவதா, வேண்டாமா என்பதே அது.

முதலில் என் தவற்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கயிறு கட்டச் சொன்னவன் நானே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமி ஆசையோடு எட்டிப் பிடித்ததில் களிமண் சரஸ்வதியின் வீணை உடைந்தது. உபயகாரர் பெரிதும் வருந்தினார். மறுநாளே கயிறும், "தொடாதீர்" என்னும் பலகையும் வந்தன. அதன்பின் ஒரு பொம்மையும் உடையவில்லை, உண்மைதான். ஆனால் மேடையருகே நின்று "இது யார்?" என்று ஒரு பிள்ளை கேட்டதையும் நான் காணவில்லை. வருகின்றனர், கைப்பேசியில் படம் பிடிக்கின்றனர், சுண்டலை வாங்கிக்கொண்டு செல்கின்றனர்.

மண்ணால் அம்பிகையின் திருவுருவைச் சமைத்து ஆற்றங்கரையில் வழிபட்ட சுரத மன்னனின் வரலாற்றைத் தேவி மாகாத்மியம் கூறுகிறது. கொலுவிலோ அம்பிகை தனித்து அமர்வதில்லை. செடி கொடியும் ஊர்வனவும் கீழே, மாந்தர் இடையே, முனிவரும் தேவரும் மேலே என்று உலகனைத்தையும் உடன் அழைத்துக்கொள்கிறாள். ஏடெடுத்துப் படிக்க இயலாத குழந்தைக்கு இதைவிட எளிய பாடம் ஏது? பருப்பும் அரிசியும் பரப்பிக் கடை வைத்திருக்கும் செட்டியார் பொம்மையைக் கண்டதும் எந்தப் பிள்ளைக்குத்தான் கை நீளாது!

கொலுவிற்கு மூத்தது மரப்பாச்சி. ஆணும் பெண்ணுமாய் இணையாகச் செம்மரத்தில் கடைந்த அப்பொம்மைகளைத் திருமணத்தின்போது தாய்வீட்டார் பெண்ணுக்குக் கொடுத்தனுப்புவர். ஒன்பது நாளும் படியில் வீற்றிருந்து வழிபாடு பெறுவதும் அதுவே. ஏனைய நாள்களில் குழந்தையின் மடியில் கிடப்பதும் அதுவே. என் பாட்டியார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்கு வந்தபோது தகரப் பெட்டிக்குள் ஓர் இணையைக் கொண்டுவந்தார். தாத்தா துறைமுகத்தில் கிராணி வேலை பார்த்தவர். குவீன் ஸ்திரீட் அருள்மிகு மகா மாரியம்மன் ஆலயத்திற்கு நடந்து செல்லும் தொலைவில், ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். 1833ஆம் ஆண்டு முதல் விளங்கும் அவ்வாலயத்திற்குச் செல்லுமுன் நாங்கள் மரப்பாச்சிக்குப் புதுத்துணி உடுத்தியாக வேண்டும். அது பாட்டியாரின் கட்டளை. மூன்று தலைமுறைப் பிள்ளைகள் கையில் உருண்டு, இன்று அதன் முகத்தில் மூக்கே தெரியவில்லை.

இவ்வெண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஹோப்பி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். மழையையும் விளைவையும் தரும் கச்சினா என்னும் தெய்வ ஆற்றல்கள் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதங்கள் தம்மிடையே வந்து தங்குவதாக அவர்கள் நம்புகின்றனர். கச்சினா வடிவில் ஆடி வருவோர், காட்டன்வுட் மரத்தின் வேரில் செதுக்கிய பொம்மைகளைச் சிறுமியருக்கு வழங்குவர். பிப்ரவரி மாதத்து அவரை விழாவில், நிலவறையில் முளைக்க வைத்த அவரை முளைகளும் உடன் வரும். நம் மாரியம்மன் கோயில் முளைப்பாரியே நினைவுக்கு வருகிறதல்லவா? அப்பொம்மைகளை அவர்கள் வணங்குவதில்லை. வீட்டுச் சுவரில் தொங்கவிடுவர். நாள்தோறும் பார்த்துப் பார்த்து, இன்ன நிறம், இன்ன இறகு, இன்ன கச்சினா என்று குழந்தை அறிந்துகொள்கிறது. அதே பொம்மை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் போனபின், பார்ப்பவருக்கு ஓர் அழகுப்பொருள், அவ்வளவே. நம் கயிறும் ஒருவகையில் அக்கண்ணாடிதான் என்று எனக்குத் தோன்றிற்று.

வீட்டில் கொலு வைத்தால் போதாதா என்று கேட்கலாம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டோடு நீங்கியபின் ஜார்ஜ் டவுன் கடைவீடுகளை விட்டு நம் குடும்பங்கள் பல வெளியேறின. அடுக்குமாடி வீட்டில் மூன்று படி வைக்கவும் இடமில்லை. பணிக்குச் செல்லும் தாய்மாருக்கு நேரமும் இல்லை. ஆகவே பல பிள்ளைகள் காணும் ஒரே கொலு ஆலயக் கொலுதான்.

உபயகாரப் பெருமக்களின் மனக்குறையை நான் இலேசாக எண்ணவில்லை. தமிழ்நாட்டிலிருந்து பஞ்சில் பொதிந்து தருவித்த களிமண் பொம்மைக்குச் செலவும் உண்டு, பக்தியும் உண்டு. அவை மேற்படிகளில் பத்திரமாக இருக்கட்டும். கீழ் மூன்று படிகளில் மரப்பொம்மைகளையும் காகிதக்கூழ்ப் பொம்மைகளையும் வைத்து, அங்கே கயிறின்றி விட்டுவிடலாம். பக்கத்தில் கதை சொல்ல ஒரு மூதாட்டியார் அமர்ந்தால் போதும். அவருக்குச் சம்பளம் கேட்டு யாரும் வரமாட்டார்கள்! விசயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்துத் தாலாட்டிக் கொலுவை நிறைவு செய்கிறோமே, அந்தப் பணியையும் இம்முறை பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம்.

நிர்வாகக் குழுவில் இருவர் இன்னும் இசையவில்லை. அடுத்த கூட்டத்தில் முடிவாகும். இல்லத்தில் மரப்பாச்சி வைத்திருப்போர், பேரப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து முதல் நாள் மாலை ஆலயத்திற்கு அனுப்பிவைக்குமாறு வேண்டுகிறேன். என் பாட்டியாரின் இணையும் வரும். மரபுப்படி அது மேற்படியில் அமர வேண்டியது. இவ்வாண்டு கீழ்ப்படிக்கு இறங்குகிறது. மூக்கு ஏற்கெனவே போய்விட்டதால், உடைந்துவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை.