கஞ்சியில் இல்லாத கொழுப்பு

கொழுப்பு என்ற சொல் தமிழில் திமிரையும் குறிக்கும். அதனாலோ என்னவோ, நாம் அதனை எதிரியாகவே பார்க்கப் பழகிவிட்டோம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழ்வோர் அதற்கு அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆனால், அவர்களுக்கான அறிவுரை ஆளறியாமல், ஊரறியாமல் எல்லோருக்குமாக அச்சேறுவதைப் பத்திரிகைத் துறையில் நெடுங்காலம் கண்டவன் நான். உடையார்கட்டின் கூலிக் குடும்பத்துக்கும் அதையே சொல்வது எனக்கு உடன்பாடானதன்று.

பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலுள்ள அவ்வூர், 2009 ஜனவரியில் அரசு அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. அங்கிருந்து மக்கள் கிழக்கே நகர நகர, உணவும் சுருங்கியது. முள்ளிவாய்க்காலில் எஞ்சியது அரிசியும் உப்பும் நீரும் சேர்ந்த கஞ்சி. அதில் கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம்.

ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 9 கலோரி தரும். மாச்சத்து தருவது 4 மட்டுமே. அதனினும் முக்கியமானது, ஏ, டி, ஈ, கே ஆகிய உயிர்ச்சத்துகள் கொழுப்பின் துணையின்றி உடலில் நன்கு சேர்வதில்லை. உயிர்ச்சத்து ஏ பெரிதும் குறைந்தால் கண் மட்டுமல்ல, சுவாசக் குழாய், சிறுநீர்ப் பாதை ஆகியவற்றின் உட்சுவரும் பழுதடையும். கிருமிகளுக்கு அது திறந்த வாசல். சிறுநீர்ப் பாதை வழியே மேலேறும் கிருமிகள்தாம் பெரும்பாலும் சிறுநீரகத் தொற்றை உண்டாக்குகின்றன. முருங்கையிலையில் அந்த உயிர்ச்சத்தின் மூலப்பொருள் நிறைய உண்டு. உடல் அதனை ஏற்கச் சிறிது கொழுப்பு வேண்டும். முருங்கையிலை வறையில் தேங்காய்ப்பூ சேர்த்த நம் ஆச்சிமார் சரியாகவே செய்தனர்.

மறுபக்கமும் உண்டு. தேங்காய் எண்ணெய் குடித்தால் சிறுநீரகத் தொற்று மாறும் என்போரை நம்பாதீர்கள். அதிலுள்ள லோரிக் அமிலம் ஆய்வுகூடத்தில் சில கிருமிகளைக் கொல்லும். நோயாளியின் சிறுநீரகத்திலும் அவ்வாறே செய்யும் என்பதற்குச் சான்று இல்லை. அந்த எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு. அளவு மீறினால் இரத்தக் கொலஸ்ட்ரோல் கூடும். நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்புற வலி, சிறுநீர் எரிவு ஆகியவை கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கர்ப்பிணிகளும் நீரிழிவுக்காரரும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அங்கே வேலை செய்வது நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, எண்ணெய் அன்று.

2025 இன் தொடக்கத்தில் இலங்கையில் ஒரு தேங்காயின் விலை 200 ரூபாவைத் தாண்டியது. அவ்வாறு விலை ஏறும்போது ஏழை வீட்டில் முதலில் குறைவது சொதியும் சம்பலும்தான். ஆண்டுதோறும் மே 18 இல் நாம் உப்புக் கஞ்சியை நினைவாக அருந்துகிறோம். அது வன்னியில் எந்தப் பிள்ளைக்கும் மீண்டும் அன்றாட உணவாகிவிடக் கூடாது. ஊருக்கு உலருணவுப் பொதி அனுப்பும் புலம்பெயர் உறவுகள் அரிசியோடு பருப்பும் ஒரு போத்தல் எண்ணெயும் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்பது என் வேண்டுகோள்.