நண்பன் வரும் தூரம்

அமெரிக்காவில் கறுப்பின ஆண்களின் மனநலம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "அவர்கள் மனம்விட்டுப் பேசமாட்டார்கள்." வெள்ளையர்கள் மட்டுமல்ல, கறுப்பினத்தவரே இதைச் சொல்வதுண்டு. அண்மைக் காலமாக இதனோடு ஓர் அறிவுரையும் சேர்ந்திருக்கிறது: நண்பர்களிடம் பேசுங்கள், பாரம் இறங்கிவிடும். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்காவிட்டால், பழியும் தவறான இடத்தில் விழும், உதவியும் தவறான இடத்துக்குப் போகும்.

முதலில் 'பேசமாட்டார்கள்' என்பதை எடுத்துக்கொள்வோம். 2015-ல் அந்நாட்டின் தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையம் ஒரு கணக்கு வெளியிட்டது. 18 முதல் 44 வயதுக்குள், தினமும் பதற்றமோ மனச்சோர்வோ இருப்பதாகச் சொன்ன ஆண்களில், வெள்ளையர்களில் 45.4 விழுக்காட்டினர் மருந்தோ ஆலோசனையோ பெற்றிருந்தார்கள். கறுப்பின, ஹிஸ்பானிக் ஆண்களில் அது 26.4 விழுக்காடு. இந்தக் கணக்கைக் காட்டித்தான் வாய் திறக்காதவர்கள் என்ற முடிவுக்கு வருகிறார்கள். ஆனால் அந்த 26.4 விழுக்காட்டில் வராத மற்றவர்களும், கணக்கெடுக்க வந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் "எனக்குத் தினமும் இப்படி இருக்கிறது" என்று சொன்னவர்கள்தாம். வாய் திறந்திருக்கிறார்கள். மருத்துவமனை வாசலைத்தான் மிதிக்கவில்லை.

காசும் காப்பீடும் ஒரு காரணம். அதில் மர்மம் ஒன்றுமில்லை. விளக்கம் தேவைப்படுவது நம்பிக்கை பற்றி. 1851-ல் லூசியானாவைச் சேர்ந்த சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், எசமானை விட்டுத் தப்பியோட நினைக்கும் அடிமைக்கு மனநோய் பிடித்திருக்கிறது என்று எழுதினார். 'டிராப்டோமேனியா' என்று பெயர் சூட்டி, சாட்டையடியைத் தடுப்பு முறையாகவும் சொன்னார். இது பழங்கதை என்று ஒதுக்கலாம். டஸ்கீகி ஆய்வு அப்படியில்லை. அலபாமா மாநிலத்தின் மேக்கன் கவுண்டியில் 1932-ல் அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கியது. அவர்களில் 399 பேருக்கு மேகப்புண் என்ற சிஃபிலிஸ் நோய். "உங்கள் இரத்தம் கெட்டிருக்கிறது, வைத்தியம் பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டு, வைத்தியம் பார்க்காமல் நோய் எப்படி முற்றுகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பென்சிலின் வந்து, அந்த நோய்க்கு அதுதான் மருந்து என்று உறுதியான பிறகும் கொடுக்கவில்லை. 1972-ல் செய்தித்தாளில் வெளிவந்த பிறகே ஆய்வு நின்றது. அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டபோது ஆண்டு 1997.

மனநல மருத்துவத்திலும் இதற்கு இணையான கதை உண்டு. மிச்சிகனில் அயோனியா என்ற ஊரில் இருந்த அரசு மனநோய் மருத்துவமனையின் பழைய ஏடுகளை ஜொனத்தன் மெட்சல் என்ற மனநல மருத்துவர் புரட்டிப் பார்த்து 2010-ல் ஒரு நூல் வெளியிட்டார். சாந்தமான வெள்ளையரின் நோயாகக் கருதப்பட்ட 'ஸ்கிசோஃப்ரினியா', சிவில் உரிமைப் போராட்டம் கொதித்த 1960-களில் கோபக்காரக் கறுப்பின ஆணின் நோயாக மாறிப்போனதை அந்த ஏடுகளில் அவர் கண்டார். கோபப்படக் காரணம் இருந்த மனிதனின் கோபமே நோயின் அறிகுறியாக எழுதப்பட்டது.

இன்று சிகாகோவில் பஸ் ஓட்டுகிற ஒருவர் மெட்சலின் நூலைப் படித்துவிட்டா ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கிறார் என்று கேட்கலாம். படித்திருக்க வேண்டியதில்லை. 'அங்கே போய் எதையும் சொல்லிவைக்காதே' என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னது போதும். ஏமாந்தவர்களின் பிள்ளைகள் எச்சரிக்கையாக இருப்பதைக் குணக்கேடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சொல்லாமல் உழைத்தே தீர்த்துவிடலாம் என்பது இன்னொரு வழி. அதற்கு உடம்பு என்ன விலை கொடுக்கிறது என்பதைக் காட்டியவர் ஷெர்மன் ஜேம்ஸ் என்ற கறுப்பின ஆய்வாளர். 1970-களின் பிற்பகுதியில் வட கரோலைனாவில் ஜான் ஹென்றி மார்ட்டின் என்ற முதிய விவசாயியைச் சந்தித்தார். வாரக் குத்தகைக் கடனில் பிறந்த மனிதர். தானாகவே எழுதப் படிக்கக் கற்று, இரவு பகல் பாராமல் உழைத்து, 40 வயதுக்குள் 75 ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரரானவர். ஐம்பது வயதுகளில் இரத்தக் கொதிப்பும் மூட்டுவாதமும் குடல்புண்ணும் அவரை முடக்கியிருந்தன. கறுப்பினத்தவரின் நாட்டுப்புறக் கதைகளிலும் ஒரு ஜான் ஹென்றி உண்டு. நீராவி இயந்திரத்தோடு போட்டியிட்டு, சம்மட்டியாலேயே பாறையைத் துளைத்து ஜெயித்து, அங்கேயே விழுந்து செத்தவன். வசதியில்லாத சூழலில் விடாப்பிடியாக முட்டிமோதும் இந்தச் சமாளிப்புக்கு ஜேம்ஸ் 'ஜான் ஹென்றியிசம்' என்று பெயர் வைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் அது மன உறுதி. இரத்த அழுத்தமானி வேறு கதை சொல்லும்.

சரி, நட்பு எங்கே வருகிறது? கறுப்பின ஆண்களுக்கு நட்பு தெரியாது, இனிமேல்தான் கற்றுத்தர வேண்டும் என்பதுபோலச் சிலர் எழுதுகிறார்கள். வரலாறு நேர்மாறானது. 1787-ல் ஃபிலடெல்ஃபியாவில் ரிச்சர்ட் ஆலன், அப்சலம் ஜோன்ஸ் என்ற இரு நண்பர்கள், இருவருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள், 'சுதந்திர ஆப்பிரிக்கச் சங்கம்' தொடங்கினார்கள். நோயாளிக்கும் விதவைக்கும் கைகொடுப்பதற்கான சங்கம் அது. அரசும் திருச்சபையும் கைவிட்ட இடத்தில் நட்பே நிறுவனமாக வேண்டியிருந்தது.

மார்ட்டின் லூதர் கிங்கையே பாருங்கள். பன்னிரண்டு வயதில் பாட்டி இறந்தபோது உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. கடைசி ஆண்டுகளில் கடும் சோர்வு அவரைப் பிடித்திருந்தது. 1967 செப்டம்பரில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் கூட்டத்தில் பேசியபோது, சில அநியாயங்களோடு ஒத்துப்போக முடியாமல் இருப்பதுதான் மன ஆரோக்கியம் என்ற பொருளில் வாதாடினார். அவர் கூடவே சிறைக்குப் போனவர் ரால்ஃப் அபர்நாதி. மெம்ஃபிஸில் லொரெய்ன் மோட்டலின் 306-ஆம் அறையிலும் அவர்தான் உடனிருந்தார். 1968 ஏப்ரல் 4 பிற்பகலில், சுடப்படுவதற்குச் சற்று முன், கிங் தன் சகாக்களோடு தலையணைகளை வீசிச் சிறுபிள்ளைபோல் விளையாடியதை அவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ யங் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மரண மிரட்டலோடு வாழ்ந்த ஒருவருக்கு, தலைவராக இருக்கத் தேவையில்லாத ஓர் அறை இருந்தது. மன அழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே நண்பர்கள் செய்துகொடுக்கும் உதவி இது. 'மனம்விட்டுப் பேசுவது' ஒன்றையே நட்புக்கு அளவுகோலாக வைப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனாலும் ஏதோ ஒன்று இடையில் அறுந்துபோகிறது என்பதும் மெய்யே. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் நியோபி வே, கறுப்பினப் பையன்கள் உட்பட நகரத்து விடலைகளோடு பல ஆண்டுகள் தொடர்ந்து பேசி 2011-ல் ஒரு நூல் எழுதினார். பதின்மூன்று, பதினான்கு வயதில் உயிர் நண்பனைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் அன்பாகப் பேசுகிற அதே பையன், இரண்டு மூன்று ஆண்டுகளில் 'அதெல்லாம் சின்னப் பிள்ளைத்தனம்' என்று விலகிவிடுகிறான். ஆண்பிள்ளை ஆகிவிட்டோமே என்ற கூச்சம் எல்லா இனப் பையன்களுக்கும் உண்டு. கறுப்பினப் பையனுக்குக் கூடுதலாக, தெருவில் பலவீனமாகத் தெரிந்துவிடக் கூடாது என்ற கவலை. அதேசமயம் போலீஸ் கண்ணுக்கு முரடனாகத் தெரிந்துவிடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் முகத்தை இறுக்கி வைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறான்.

அந்த முகம் தளரும் இடங்களில் ஒன்று சலூன். கறுப்பினத்தவரின் முடிதிருத்தும் கடை, கிரிக்கெட்டுக்குப் பதில் கூடைப்பந்து பேசும் நம்மூர் சலூன் என்று வைத்துக்கொள்ளலாம். வாரக்கணக்கில் ஒரே நாற்காலி, ஒரே கை, கண்ணாடியைப் பார்த்தபடி பேச்சு. நேருக்கு நேர் முகம் பார்க்க வேண்டிய சங்கடம் இல்லை. இதைப் புரிந்துகொண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் ரொனால்ட் விக்டர் என்ற இதய மருத்துவர் ஒரு சோதனை நடத்தினார். 52 கடைகள், கட்டுப்படாத இரத்தக் கொதிப்புள்ள 319 ஆண்கள். ஒரு பிரிவுக் கடைகளில் முடிதிருத்துநர், 'உடம்பைப் பார்த்துக்கொள், டாக்டரிடம் போ' என்று சொன்னதோடு சரி. மற்றப் பிரிவில், அவர் ஊக்கப்படுத்தியதோடு மருந்தாளுநரே கடைக்கு வந்து மருந்து எழுதிக்கொடுத்தார். 2018-ல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் முதல் பிரிவில் மேல் அழுத்தம் சராசரியாக 9 புள்ளி இறங்கியது, இரண்டாவதில் 27.

இந்த இரண்டு எண்களை நிதானமாகப் பார்க்கவேண்டும். தெரிந்தவர், பழகியவர் அக்கறையோடு ஒரு வார்த்தை சொன்னதற்கும் பலன் இருந்தது. ஆனால் அந்த நட்பின் இடத்துக்குள் தேர்ந்த வைத்தியம் நடந்து வந்தபோது பலன் மூன்று மடங்கானது. மனதுக்குக் கருவி கட்டி அளக்க முடியாது. இருந்தாலும் வழி ஒன்றுதான். அர்கன்சாஸின் லிட்டில் ராக்கில் 2016-ல் லொரென்சோ லூயிஸ் தொடங்கிய 'கன்ஃபெஸ் ப்ராஜெக்ட்' முடிதிருத்துநர்களுக்குக் காதுகொடுத்துக் கேட்கவும், எச்சரிக்கைக் குறிகளைக் கண்டுகொள்ளவும், தகுந்த இடத்துக்கு அனுப்பிவைக்கவும் பயிற்சி தருகிறது. அவர்களை மனநல மருத்துவர் ஆக்குவது அதன் நோக்கமல்ல.

இந்த எல்லையை மறந்தால் நண்பன் தலையில் தாங்க முடியாத பாரம் ஏறும். கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினின் இளமைக்கால நண்பர் யூஜீன் வொர்த் 1946-ல் தற்கொலை செய்துகொண்டார். பால்ட்வினைப் போல் சொல்வளமும் அன்பும் உள்ள நண்பன் யாருக்குக் கிடைப்பான்? அந்த நட்பாலும் வொர்த்தைக் காப்பாற்ற முடியவில்லை. அதே முடிவு தனக்கும் வரும் என்ற அச்சமும் சேர்ந்துதான் பால்ட்வினை 1948-ல் பாரிஸுக்குத் துரத்தியது. 1962-ல் வெளியான நாவலில் ரூஃபஸ் என்ற பாத்திரமாக வொர்த்தைத் திரும்ப எழுதினார். உற்ற நண்பனை இழந்த எத்தனையோ பேர் 'நான் இன்னும் கேட்டிருக்கலாமே' என்று மருகுகிறார்கள். நட்புதான் மருந்து என்று மேடைபோட்டுச் சொல்கிறவர்கள் இவர்களை நினைத்துப் பார்க்கவேண்டும்.

ஆகவே நண்பனிடம் எதிர்பார்க்கக்கூடியது: வழக்கம்போல் வந்துகொண்டே இருப்பது, வழக்கம் மாறுவதைக் கவனிப்பது, சாகும் எண்ணம் இருக்கிறதா என்று சுற்றிவளைக்காமல் கேட்பது, முதல்முறை மருத்துவரிடம் போகும்போது கூடப் போவது. கேட்டால் எண்ணம் வலுத்துவிடும் என்ற பயம் வேண்டாம், அப்படி ஆவதில்லை. கூடப் போனால் அங்கே யார் இருப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. அமெரிக்க உளவியலாளர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான்; மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று. இதை எந்த நண்பனும் சரிசெய்ய முடியாது. கல்லூரிகளும் காப்பீட்டுச் சட்டங்களும் செய்யவேண்டிய வேலை.

இன்னும் கடினமானது, நெருக்கடி நேரத்தில் போனை எடுக்கும் கணம். 2020 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் டேனியல் ப்ரூட் மனநிலை குலைந்து வீட்டைவிட்டு ஓடியபோது, அவருடைய அண்ணன் உதவி கேட்டு அவசர எண்ணை அழைத்தார். வந்தது போலீஸ். தலையில் உறை மாட்டித் தரையில் அழுத்திப் பிடித்தார்கள். மூச்சு நின்று, ஒரு வாரத்தில் ப்ரூட் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவில் வால்டர் வாலஸின் குடும்பம் ஆம்புலன்ஸ் கேட்டது. போலீஸ் வந்து சுட்டது. இவற்றைக் கேள்விப்பட்ட நண்பன் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினால், அவனிடம் போய் மனநல விழிப்புணர்வு பேசிப் பயனில்லை. டென்வர் நகரம் 2020 ஜூனிலிருந்து இப்படிப்பட்ட சில அழைப்புகளுக்குப் போலீசுக்குப் பதிலாக ஒரு மனநலப் பணியாளரையும் ஒரு மருத்துவ உதவியாளரையும் வேனில் அனுப்பிவருகிறது. அதற்கு வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கீடு வேண்டும், இரவிலும் ஆள் வேண்டும், எந்த அழைப்பு யாருக்குப் போகவேண்டும் என்று அவசர எண்ணில் உட்கார்ந்திருப்பவருக்குப் பயிற்சி வேண்டும்.