டோட்டல் டேலி ஆகிறது சார்!

ஆபீஸில் கொஞ்சம் வேகமாக மவுஸை நகர்த்துகிறவனை 'கம்ப்யூட்டர் எக்ஸ்பர்ட்' என்று முத்திரை குத்திவிடுவார்கள். எனக்கும் அந்த விபத்து நேர்ந்தது.

2025 ஏப்ரல். 'ஒவ்வொரு ஆளும் வருஷத்துக்கு எத்தனை சர்வீஸ் கால் போயிருக்கான்? நாளைக்குக் காலையில ரிப்போர்ட் வேணும்' என்றார் மேனேஜர். 300-ஐத் தாண்டியவர்களுக்கு இன்சென்டிவ்.

பவர் பி.ஐ. என்று ஒன்று. 2015-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. பெயரை இழுத்து இடப்பக்கம் போட்டேன். தேதியை மேலே போட்டேன். நடுவில் 'எண்ணு' என்றேன். பத்தே நிமிஷம்! வலது கீழ் மூலையில் மொத்தம் 9,412. ரிஜிஸ்டரிலும் 9,412. 'டோட்டல் டேலி ஆகிறது சார்' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். ரிட்டயர்மென்ட்டுக்கு இரண்டு வருஷம் பாக்கி. மழையிலும் வெயிலிலும் டூ வீலரில் அலைகிற மனிதர். கையில் என் ரிப்போர்ட்.

'தம்பி, லிஸ்ட்டுல நான் மூணு பேரா இருக்கேன் போலிருக்கே. சம்பளம் மட்டும் ஒரு ஆளுக்குத்தானே தாராங்க?'

பார்த்தேன். ஒரு பிராஞ்சில் அவர் இனிஷியலை முன்னால் போட்டிருந்தார்கள். இன்னொன்றில் பின்னால். மூன்றாவதில் இனிஷியலே இல்லை. கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று தனித்தனி ஆசாமிகள். 2024-ல் 121, 97, 69 கால்கள். மூவரும் சோம்பேறிகள்! இன்சென்டிவ் லிஸ்ட்டில் ஒருவரும் இல்லை.

சரி, பெயரை எடுத்துவிட்டு எம்ப்ளாயி நம்பரைப் போட்டேன். மூன்று அண்ணாச்சிகளும் ஒருவரானார்கள். 287. அப்போதும் 13 குறைகிறது.

இன்னொரு கூத்தும் வெளியே வந்தது. ஒரே பெயர், ஒரே இனிஷியலில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். என் ரிப்போர்ட்டில் இருவரும் ஒரே ஆளாகி முதலிடம் பிடித்திருந்தார்கள். அந்த 'ஒருவருக்கு' ஷீல்டுக்கு ஆர்டர் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார் மேனேஜர்!

அண்ணாச்சி நகரவில்லை. 'தம்பி, நமக்கு வருஷம் ஏப்ரல்லல்லா பொறக்குது?'

சுருக்கென்றது. தேதியைக் கொடுத்தால் பவர் பி.ஐ. அதுவாகவே ஜனவரி டு டிசம்பர் என்று பிரித்துக்கொள்ளும். நம் கணக்கு வருஷம் மார்ச் 31-ல் முடிகிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். வழி சுலபம். வருஷத்துக்கென்று தனியாக ஒரு காலம் போட்டு, மாதம் நாலோ அதற்கு மேலோ என்றால் அதே வருஷம், இல்லாவிட்டால் ஒன்றைக் கழி என்று எழுத வேண்டும். வருஷ ஆரம்பத்திலிருந்து கூட்டித் தருகிற 'டோட்டல் ஒய்.டி.டி.' ஃபங்ஷனும் அப்படித்தான். கடைசியில் '3/31' என்று சேர்க்காவிட்டால் டிசம்பரில் கடையை மூடிவிடும்.

சேர்த்தேன். 2024-25-க்கு அண்ணாச்சி: 318.

இதில் என்னை உறுத்தியது ஒன்றுதான். எல்லாத் தப்பும் நடந்தபோதும் அந்த 9,412 கொஞ்சம்கூட மாறவில்லை. மெஸ்ஸில் நான் தின்ற தோசையை அடுத்த டேபிள்காரர் கணக்கில் எழுதினாலும், ராத்திரி கல்லாவில் மொத்த தோசை சரியாகத்தான் வரும். பாவம், காசு கொடுக்கப் போவது அவர்! மொத்தம் டேலி ஆவதைப் பார்த்துக் காலரைத் தூக்கிய நான், ஒரே ஒரு ஆளின் வரியையாவது எடுத்து ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டிருந்தால் அண்ணாச்சி படியேறி வந்திருக்க வேண்டாம். அவர் வந்தார், கேட்டார். வாய் திறக்காமல் போயிருந்தால்?

இப்போதெல்லாம் ரிப்போர்ட் கொடுப்பதற்கு முன் மூன்று பேரையாவது கூப்பிட்டு, 'உங்க கணக்கு சரியா பாருங்க' என்று காட்டிவிடுகிறேன். முதல் ஆள் அண்ணாச்சிதான்.

அன்று ராத்திரி சந்தேகம் வந்து என் பி.எஃப். கணக்கில் பெயரைப் பார்த்தேன். இனிஷியல் வேறு யாருடையதோ!