ஆராய்ச்சிக்கு வந்தவர் யார் பொறுப்பு?

முனைவர் பட்ட ஆய்வுக்கென்று ஒருவர் வேலூருக்கு வந்து இறங்கினால், குறைந்தது மூன்று ஆண்டு இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கப் போகிறார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் ஆறு ஆண்டு வரை அனுமதிக்கின்றன. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆறு ஆண்டு என்றால், எல்.கே.ஜி.யில் சேர்ந்த குழந்தை நாலாம் வகுப்பை முடிக்கும் காலம். ஆனாலும் காட்பாடி ரயில் நிலையத்தில் பெட்டியோடு இறங்கும் அந்த ஸ்காலரை நாம் எல்லோரும் வழிப்போக்கராகவே நடத்துகிறோம். கல்லூரி அவரை மாணவர் என்கிறது. வீட்டுக்காரர் ‘பேச்சிலர்’ என்கிறார். வங்கி மேலாளர் சம்பளச் சீட்டு கேட்கிறார். முப்பதை நெருங்கும் வயதில், சில சமயம் மனைவியோ கணவனோ கைக்குழந்தையோ உடனிருக்க, எந்தப் பட்டியலிலும் அடங்காமல் அவர் நிற்கிறார்.

வெளியூர்க்காரரை ஏற்கத் தெரியாத ஊரல்ல இது. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தபோது, ஊரும் அதோடு சேர்ந்து வளர்ந்தது. பாபு ராவ் தெருவிலும் காந்தி ரோட்டிலும் வங்க மொழியில் பெயர்ப்பலகை தொங்குகிறது. மருந்துக் கடைப் பையன் இந்தியில் பதில் சொல்கிறான். ஜார்க்கண்டிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ வரும் நோயாளியின் குடும்பம் மீன்குழம்பு வைத்துக்கொள்ள அடுப்போடு அறை கொடுக்கும் லாட்ஜ்கள் அங்கே உண்டு. நோயாளிக்கு இவ்வளவு இடம் கொடுத்த ஊர், பாலாற்றைத் தாண்டிக் காட்பாடிப் பக்கம் வந்ததும் ஆராய்ச்சி மாணவியிடம் “கறி, மீன் சமைப்பீங்களா?” என்று கேட்கிறது. தமிழ்நாட்டின் இன்னொரு மூலையிலிருந்து வந்த பையனிடம் “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வி ஊர்ப் பெயர் விசாரிப்பதுபோல் தொடங்கி வந்து சேர்கிறது. இந்தக் கேள்வியை நாம் ஒவ்வொருவரும் நம் வாசலிலேயே நிறுத்த வேண்டும். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

வீட்டுக்காரரின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. நள்ளிரவில் ஆய்வகத்திலிருந்து திரும்பி கேட்டைத் தட்டுவது, மின்கட்டணம் பாக்கி வைத்துச் சொல்லாமல் காலி செய்வது எல்லாம் நடக்கிறவைதான். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யச் சொல்கிறது. அதை இரு தரப்பும் மதித்தாலே பாதிச் சண்டை தீரும். கல்வி நிறுவனங்கள் காந்தி நகர், சத்துவாச்சாரி குடியிருப்போர் நலச் சங்கங்களோடு உட்கார்ந்து பேசி, ஸ்காலர்களுக்கு வாடகைக்குத் தரச் சம்மதிக்கும் வீடுகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதி வேலூரிலும் இருக்கிறது. ஆய்வும் வேலைதான் என்று கருதி அங்கே ஆய்வு மாணவிகளுக்குத் தயங்காமல் இடம் தர வேண்டும்.

இப்படி வந்து தங்கியவர்களால் ஊருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு ககன்தீப் காங்கின் கதையைச் சொல்லலாம். சிம்லாவில் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்து, 1998இல் முனைவர் பட்டமும் முடித்து, இங்கேயே ஆய்வைத் தொடர்ந்தார். ராமநாயக்கன்பாளையம், சின்ன அல்லாபுரம், கஸ்பா தெருக்களில் 2002 முதல் பிறந்த குழந்தைகளை அவருடைய குழு மூன்று வயது வரை வாரந்தோறும் வீடு தேடிப் போய்ப் பார்த்தது. ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைப் பற்றி இந்தியா தெரிந்துகொண்டவற்றில் பெரும்பங்கு அந்தத் தெருக்களிலிருந்து வந்தது. பின்னர் உள்நாட்டுத் தடுப்பூசியின் பெரிய பரிசோதனை டெல்லி, புனேயோடு வேலூரிலும் நடந்தது. 2016இல் ரோட்டா தடுப்பூசி தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. 2019இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினராகத் தேர்வான முதல் இந்தியப் பெண் அவர். அந்தப் பெருமையில், ஒவ்வொரு வாரமும் கதவைத் திறந்து பிள்ளையைக் காட்டிய கஸ்பாத் தாய்மாருக்கும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

துறைகளுக்கும் கைடுகளுக்கும் சொல்ல வேண்டியது இன்னும் கடுமையானது. புதிதாக வந்தவர் முதல் ஆறு மாதத்தில்தான் அதிகம் உடைகிறார். ஆராய்ச்சி ஆலோசனைக் குழு பருவந்தோறும் கூட வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் தலைப்பைப் பற்றிக் கேட்பவர்கள், “எங்கே தங்கியிருக்கிறாய்? பணம் வந்ததா?” என்றும் கேட்கட்டும். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை உதவித்தொகை வென்றவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைப்பவர்களுக்கும் பல மாதம் தாமதமாகிச் சேர்ந்து வருவது வாடிக்கையாகிவிட்டது. வாடகையோ ஐந்தாம் தேதிக்குத் தவறாமல் வந்துவிடுகிறது. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை 2022-23 முதல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டதால், ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகளே மேற்கொண்டு படிக்கத் தயங்குகிறார்கள்.

இங்கேதான் தோல் வணிகர்களின் பழைய வழக்கம் நினைவுக்கு வருகிறது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் எழுந்தது. மேல்விஷாரத்தில் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீமின் பெயர் தாங்கிய கல்லூரி 1965 முதல் நடக்கிறது. தோலில் சம்பாதித்ததைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் கொடுத்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் பல. ஷூ ஏற்றுமதியாளர்களும் தோல் தொழிற்சாலை உரிமையாளர்களும் கைகோத்து, உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுக்க ஒரு நிதி தொடங்கினால், அது அந்த வழக்கத்தின் நேரான தொடர்ச்சியாக இருக்கும். நிதி கொடுப்பவருக்கு ஆய்வின் முடிவில் சொல் உரிமை கிடையாது என்பதை முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும்.

அந்த நிபந்தனைக்குக் காரணம் உண்டு. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டமாக அறிவித்தது. தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு அது. பேரணாம்பட்டு, ஆம்பூர்க் கிணறுகளின் உப்பையும் குரோமியத்தையும் அளந்து, நிதி கொடுத்தவர் முகம் பார்க்காமல் சொல்ல ஆள் இன்றும் தேவைப்படுகிறது.

ஸ்காலர்களின் பங்கும் அங்கிருந்தே தொடங்குகிறது. வளாகத்துக்குள்ளேயே நான்கு ஆண்டைக் கழித்துவிட்டுத் தீசிஸோடு போய்விடுவது இந்த மண்ணுக்குச் செய்யும் நியாயமாகாது. தமிழில் நாலு வார்த்தை பேசக் கற்றுக்கொள்ளுங்கள். ஆம்பூரில் உருதும் உதவும். பேருந்தேறிப் போய்க் கிணற்றுக்காரரிடமும், காலையில் கம்பெனி வண்டிக்கு நிற்கும் பெண்களிடமும் பேசுங்கள். தண்ணீர் மாதிரி வாங்கியவர் முடிவைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சொல்வது கடமை. அந்தத் தகவலை ஆங்கில ஆய்விதழில் படிக்க விவசாயியால் முடியாது.

வேலூரின் பல்கலைக்கழகங்களும் ஆம்பூர், வாணியம்பாடிக் கல்லூரிகளும் முறைவைத்து ஆண்டுக்கு ஒரு நாள் பொதுமக்கள் முன் ஸ்காலர்களைத் தமிழிலும் உருதிலும் பேச வைக்கலாம். வீட்டுக்காரர்களையும் தொழிலாளர்களையும் ஊராட்சித் தலைவர்களையும் முன்வரிசைக்கு அழைக்கலாம். அடுத்த சேர்க்கைக்கு வருகிறவர்களையும் அன்றைக்கே அங்கே உட்கார வைத்துவிட்டால், எந்தத் தெருவில் வீடு பார்ப்பது என்ற பேச்சும் அங்கேயே முடிந்துவிடும்.