டிப்ஸ் கொடுப்போம், ஆனால் அது கூலி ஆகாது

2025 டிசம்பர் 25, 31 ஆகிய நாள்களில், உணவையும் மளிகையையும் வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் தொழிலாளர்கள் நாட்டின் பல நகரங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்டருக்குத் தரும் தொகை குறைந்துவருவது, பத்து நிமிடத்தில் கொண்டுபோக வேண்டும் என்ற நெருக்கடி, காரணம் சொல்லாமல் ஐ.டி.யை முடக்குவது ஆகியவற்றை அவர்கள் எதிர்த்தார்கள். புத்தாண்டின் தொடக்கத்தில் சொமேட்டோ நிறுவனர் தீபிந்தர் கோயல் சமூக ஊடகத்தில் சில வருமானக் கணக்குகளை வெளியிட்டு அதற்குப் பதில் சொன்னார். அந்தக் கணக்கில் டிப்ஸும் இருந்தது. சாப்பாடு கொண்டுவருகிறவருக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டுமா, கொடுத்தால் அவர் பிரச்சினை தீருமா என்ற பேச்சு மீண்டும் எழுந்திருக்கிறது.

இது பட்டணத்துக்காரர்களின் கவலை என்று நம் வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். நம் ஊர்களில் செல்போனில் பிரியாணி வரவழைத்துச் சாப்பிடுகிறவர்கள் குறைவு. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் அதிகம். வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே சென்னையிலும் கோவையிலும் தோளில் பையை மாட்டி ஓடுகிற பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். கல்லூரி முடிந்து மாலையில் மாவட்டத் தலைநகரிலேயே ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 2022இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய வேலைகளில் இருப்பவர்கள் 2020-21இல் 77 லட்சம் பேர் என்றும், 2029-30இல் 2 கோடியே 35 லட்சமாக உயர்வார்கள் என்றும் மதிப்பிட்டது. கேட்கப்படுவது நம் பிள்ளைகளின் கூலியைப் பற்றிய கேள்வி.

கணக்கு என்ன சொல்கிறது?

நிறுவனம் தந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2025இல் சொமேட்டோவில் ஓட்டுகிறவர் ஒரு மணி நேரத்தில் ஈட்டியது, டிப்ஸ் நீங்கலாக, சராசரியாக 102 ரூபாய். டிப்ஸாகக் கிடைத்தது மணிக்கு 2 ரூபாய் 60 காசு. சுமார் 5 விழுக்காடு ஆர்டர்களுக்குத்தான் டிப்ஸ் வருகிறது. அதில் தாங்கள் பிடித்தம் ஏதும் செய்வதில்லை, முழுவதையும் ஓட்டுகிறவருக்கே தருகிறோம் என்று நிறுவனம் சொல்கிறது.

நாளுக்கு பத்து மணி நேரம், மாதம் 26 நாள் ஓட்டினால் சுமார் 26,500 ரூபாய் வரும், பெட்ரோலும் வண்டிப் பராமரிப்பும் போக சுமார் 21,000 ரூபாய் நிற்கும் என்பதும் அவர்கள் கணக்கு. அதே கணக்கில் டிப்ஸைப் போட்டுப் பார்த்தால் நாளுக்கு 26 ரூபாய், மாதத்துக்கு 676 ரூபாய். இன்றைய விலையில் ஏழு லிட்டர் பெட்ரோல்கூட வராது. வண்டித் தவணை, செல்போன் தவணை, அறை வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் அந்த 21,000 ரூபாய்க்குள்தான். மழையில் சறுக்கி விழுந்து பத்து நாள் படுத்துவிட்டால் அந்தப் பத்து நாளுக்கு வருமானம் இல்லை.

அப்படியானால் எல்லோரும் டிப்ஸ் கொடுக்கத் தொடங்கினால் என்ன? நூற்றில் ஐந்து ஆர்டருக்கு வருகிற டிப்ஸ், அதே அளவில் நூறு ஆர்டருக்கும் வந்தால், மணிக்கு 52 ரூபாய் ஆகும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் டிப்ஸ் பழக்கம் ஊறிப்போன ஒரு நாட்டில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுத்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்காவின் பெரிய உணவு டெலிவரி நிறுவனம் டோர்டேஷ். அது 2019 வரை ஒரு முறையை வைத்திருந்தது. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓட்டுகிறவருக்கு இவ்வளவு உறுதி என்று ஒரு தொகையைக் காட்டும். வாடிக்கையாளர் டிப்ஸ் கொடுத்தால், அதை அந்த உறுதித் தொகைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். ஏழு டாலர் உறுதி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மூன்று டாலர் கொடுத்தால் நிறுவனம் நான்கு டாலர் போடும். ஓட்டியவர் கையில் அதே ஏழு டாலர். உங்கள் மூன்று டாலர் அவருக்குப் போனதாக நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள், லாபம் நிறுவனத்துக்கு. செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்த பிறகுதான் அந்த முறை கைவிடப்பட்டது. இதற்காக நியூயார்க் மாநிலத்தில் 2025 பிப்ரவரியில் 1 கோடியே 67 லட்சத்து 50 ஆயிரம் டாலர் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இதன் வேர் இன்னும் பழையது. உள்நாட்டுப் போருக்குப் பின் அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களை வேலைக்கு வைத்த முதலாளிகள் பலர், அற்பக் கூலி கொடுத்துவிட்டு மீதியைப் பயணிகளிடம் டிப்ஸாக வாங்கிக்கொள் என்று விட்டார்கள். ரயிலில் படுக்கை வசதிப் பெட்டிகளை நடத்திய புல்மேன் நிறுவனம் இதற்குப் பெயர்போனது. அந்தப் பெட்டிகளில் பணிசெய்த கறுப்பினத்தவர்கள் அத்தனை பேரையும் பயணிகள் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள். ஜார்ஜ் என்பது முதலாளி புல்மேனின் பெயர். அடிமையை எஜமானன் பெயரால் அழைத்த வழக்கத்தின் மிச்சம் அது. 1925இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் கட்டினார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி 1937இல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள்.

இன்று நம் பிள்ளைகளை அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் “ஏய் சொமேட்டோ”, “ஸ்விக்கி, இங்க வா” என்று கூப்பிடுகிறார்கள். ஆளின் பெயர் செயலியிலேயே இருக்கிறது. ஆனாலும் கூப்பிடுவது முதலாளியின் பெயரைச் சொல்லித்தான்.

டிப்ஸ் பெறும் தொழிலாளர்களுக்கு அமெரிக்க மத்தியச் சட்டத்தில் இன்றும் தனியான, தாழ்ந்த குறைந்தபட்சக் கூலி உண்டு: மணிக்கு 2.13 டாலர். 1991க்குப் பிறகு அது உயரவே இல்லை. மற்றவர்களுக்கு 7.25 டாலர். டிப்ஸ் சேர்ந்தும் 7.25க்கு வராவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது சட்டம். அதாவது, கூலியின் பெரும்பகுதியைக் கொடுக்கும் பொறுப்பு முதலில் வாடிக்கையாளர் தலையில் விழுகிறது.

நமக்குத் தெரிந்த கதைதான்

வேலை வாங்குகிறவர் ஒருவர், கூலிக்கு ஊரைக் கைகாட்டிவிடுவது நமக்குப் புதிதல்ல. மகாராஷ்டிரத்தில் மகர் மக்கள் அரசாங்கத்துக்கும் ஊருக்கும் இரவுபகலாக ஊழியம் செய்தார்கள். அதற்கு ஈடாகக் கிடைத்தது சிறு துண்டு மானிய நிலமும், விளைச்சலில் ஊரார் அளக்கும் தானியமும்தான். ஊரார் மனது வைத்தால் அளப்பார்கள், கோபம் வந்தால் நிறுத்துவார்கள். இந்த ‘வதன்’ முறையைத் திருத்த 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தார். ஊரார் அளக்கும் தானியத்தைப் பணமாக மாற்றி, அதை அரசே வரியோடு சேர்த்து வசூலித்துச் சம்பளமாகத் தர வேண்டும் என்றார். மசோதா அப்போது நிறைவேறவில்லை. அந்த முறை சட்டப்படி ஒழிய 1950களின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. மத்திய அரசின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில் குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946இல் அறிமுகம் செய்தவரும் அவர்தான். அது 1948இல் சட்டமானது.

தமிழ்நாட்டிலும் இதுதான் நிலை. பண்ணையாளுக்குக் களத்தில் அளப்பது கூலி. பண்டிகைக்குக் கொடுக்கும் பழைய வேட்டியும் பலகாரமும் இனாம். இனாம் கொடுத்த கை, கூலியை உயர்த்திக் கேட்டபோது என்ன செய்தது என்பதற்கு வெண்மணி சாட்சி. சங்கமாக நின்று கூலி உயர்வு கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். டெலிவரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த இரண்டு நாள்களில் ஒன்று அதே தேதி.

டிப்ஸில் சாதிக்கும் இடம் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் டாக்சி ஓட்டுநர்களிடம் நடத்தி 2005இல் வெளியான ஓர் ஆய்வு, வெள்ளையர்களைவிடக் கறுப்பின ஓட்டுநர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு டிப்ஸ் குறைவாகக் கிடைத்ததாகக் கண்டது. கூலி சட்டப்படி வருவது. டிப்ஸ் கொடுப்பவரின் மனப்படி வருவது. அந்த மனதில் என்ன இருக்கிறது என்பது நம் நாட்டில் ஒளிவுமறைவாக இல்லை. 2022 ஜூனில் லக்னோவில் உணவு கொண்டுபோன தலித் இளைஞர் ஒருவர், வீட்டுக்காரர் தன் பெயரையும் சாதியையும் கேட்டு, உணவை வாங்க மறுத்து, முகத்தில் துப்பி அடித்ததாகப் புகார் கொடுத்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. 2019இல் ஜபல்பூரில் ஒருவர், கொண்டுவருகிறவர் முஸ்லிம் என்பதற்காக ஆர்டரை ரத்து செய்தார். 2024 மார்ச்சில் ‘சுத்த சைவ’ உணவுக்கென்று பச்சைச் சீருடையில் தனி ஆள்களை அனுப்புவதாக சொமேட்டோ அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் மறுநாளே சீருடைப் பிரிவினையை விலக்கிக்கொண்டது. நகரங்களின் அடுக்குமாடிகளில் டெலிவரி ஆள்கள் லிப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று பலகை தொங்குகிறது. இரட்டைக் குவளையைப் பார்த்த நமக்கு இரட்டை லிப்ட் எதன் வாரிசு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் கொடுக்கலாமா?

நம் தோழர்களில் சிலர், டிப்ஸ் என்பது பிச்சை, அதைக் கொடுப்பதும் வாங்குவதும் சுயமரியாதைக்கு இழுக்கு என்கிறார்கள். அந்தக் கோபத்தின் நியாயம் நமக்குப் புரிகிறது. ஆனால் முறை மாறும்வரை காத்திரு என்று, இரவு பதினோரு மணிக்கு நனைந்துகொண்டு நிற்கிற பிள்ளையிடம் சொல்ல முடியாது. அவருடைய மணிக்கணக்கு 102 ரூபாய் என்று தெரிந்த பிறகு, 400 ரூபாய்க்குச் சாப்பாடு வரவழைக்க முடிகிறவர் 20 ரூபாய் கொடுப்பதில் தவறில்லை. கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்றே சொல்வோம். சில முறைமைகள் மட்டும் வேண்டும்.

கொடுப்பதானால் வேலை முடிந்த பிறகு கொடுப்போம். ஆர்டர் போடும்போதே டிப்ஸ் கேட்பது ஏலம் விடுவது போன்றது. வாடகை வண்டிக்கு முன்கூட்டியே டிப்ஸ் கேட்டதற்காக 2025 மே மாதம் ஊபர் நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கலாம். முடிந்தால் கையில் பணமாகவோ, அவருடைய எண்ணுக்கு நேரடியாகவோ கொடுப்போம். இடையில் இன்னொருவர் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. கொடுத்துவிட்டோம் என்பதற்காக நான்காவது மாடிக்கு ஏறிவா, கடையில் சிகரெட் வாங்கிவா என்று வேலை ஏவக் கூடாது. பெயர் சொல்லியோ, தம்பி, அண்ணா, அக்கா என்றோ அழைப்போம். குடிக்கத் தண்ணீர் கேட்டால் வீட்டார் குடிக்கும் குவளையிலேயே கொடுப்போம். டிப்ஸ் கொடுக்க வசதியில்லாத மாணவரும் இதையெல்லாம் செய்யலாம். தாமதத்துக்கு உணவகம் காரணமாக இருக்கும்போது ஓட்டியவருக்கு ஒற்றை நட்சத்திரம் போடாமல் இருக்கலாம்.

கூலிக்கான பொறுப்பு நிறுவனத்துக்கும் அரசுக்கும் உரியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இத்தகைய நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை தொழிலாளர் நலனுக்குத் தர வேண்டும் என்கிறது. தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 விழுக்காட்டுக்கு மேல் போகாது என்ற வரம்பும் அதிலேயே இருக்கிறது. குறைந்தபட்சக் கூலி பற்றி அதில் பேச்சில்லை. இவர்களைத் ‘தொழிலாளி’ என்று சொல்லாமல் ‘பார்ட்னர்’ என்று சொல்வதன் பலன் இதுதான்: பங்காளிக்குக் கூலிச் சட்டம் பொருந்தாது. ஆனால் லாபத்தில் பங்கும் கிடையாது.

ராஜஸ்தான் 2023இல் இவர்களுக்கென்று முதல் மாநிலச் சட்டத்தை இயற்றியது. கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டம், ஒவ்வொரு ஆர்டரிலும் நலநிதிக்கு ஒரு பங்கு பிடிக்கவும், காரணம் சொல்லாமல் வேலையிலிருந்து நீக்குவதைத் தடுக்கவும் வழிசெய்கிறது. தமிழ்நாடு அரசு 2023இல் நல வாரியம் அமைத்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், வாரியத்தில் பதிவுசெய்த 2,000 பேருக்கு மின்ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் மானியம் அரசின் பணம். நிறுவனங்கள் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வைக்கும் சட்டம் இங்கும் வேண்டும். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, பெட்ரோல் செலவு போக, மணிக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சம் ஒன்று அதில் எழுதப்பட வேண்டும். டிப்ஸ் அந்தக் கணக்கில் சேராது என்பதும் எழுதப்பட வேண்டும். சாதி கேட்டு உணவை மறுக்கும் வாடிக்கையாளரின் கணக்கை முடக்குவது நிறுவனத்தின் கடமை என்பதும் அதில் இடம்பெற வேண்டும்.

ஊரில் இருக்கும் நாம் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. நம் தெருவிலிருந்து போய் ஓட்டுகிற பிள்ளைகள் யார் யார், அவர்களில் எத்தனை பேர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று கேட்போம். பதியாதவர்களுக்குக் கல்லூரி மாணவர்கள் செல்போனிலேயே பதிந்து கொடுக்கலாம். பதிவேட்டில் இல்லாதவருக்கு விபத்து நடந்தால், அவர் அந்த வேலை செய்தார் என்று நிரூபிப்பதற்கே குடும்பம் அலைய வேண்டியிருக்கும். பொங்கல் விடுமுறைக்கோ தேர்வு விடுமுறைக்கோ அவர்கள் ஊருக்கு வரும்போது இந்த வேலையை முடித்துவிடலாம்.