கோடீசுவர வேடம்

தமிழ்த்துறை மலரில் திரைப்படத்திற்கு என்ன வேலை எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். இயக்குநர் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) வெறும் சிரிப்புப் படமாகவே எண்ணப்பட்டு வருகிறது. நம் திருமணச் சந்தையை அதைவிடத் தெளிவாகக் காட்டிய படம் வேறில்லை என்பது என் கருத்து.

கதை பலரும் அறிந்ததே. தோட்ட முதலாளி விசுவநாதனுக்கு (பாலையா) மருமகனின் சொத்தே பெரிது. அவரால் வேலையிழந்த அசோகன் (ரவிச்சந்திரன்) அவர் மகளை விரும்பி, தான் கோடீசுவரரின் மகன் என்கிறான். நண்பன் வாசு (முத்துராமன்) முதியவர் வேடம் பூண்டு, தந்தை சிதம்பரமாக வந்து நிற்கிறான். பணத்தின் பெயர் கேட்ட மாத்திரத்தில் பாலையாவின் முதுகு வளைவதையும் குரல் குழைவதையும் காண வேண்டும்! நம் ஊர்த் திருமணப் பேச்சுகளில் அக்குழைவைக் காணாதவர் யார்?

‘அன்பே வா’ (1966) இதற்கு நேர்மாறு. செல்வர் தம் சொந்த மாளிகையிலேயே வாடகைக்குத் தங்குகிறார். செல்வன் எளியவனாக நடித்தால் பெருந்தன்மை. எளியவன் செல்வனாக நடித்தால் மோசடி. முன்னவன் விரும்பும் நாளில் வேடத்தைக் கலைக்கலாம். பின்னவனுக்கோ வேடம் கலைந்தால் பெண்ணும் இல்லை.

பொய்யை நான் ஆதரிக்கவில்லை. சந்தையில் குவித்திருந்த தானியத்துள் கைவிட்டு, அடியில் ஈரங்கண்டு, வணிகரைக் கடிந்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்). நெல் விளையும் இவ்வட்டாரத்தார்க்கு ஈரநெல்லின் எடை பற்றி விளக்க வேண்டுவதில்லை. ஆயினும், நெல்லைக் கையில் அள்ளியும் பாராமல் மூட்டைமேல் எழுதிய பெயருக்கே விலைபேசிய பாலையா குற்றமற்றவரா?

இன்று வேடம் பூணுவோர் பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர்களே. மணமகன் மஹர் கொடுக்க வேண்டிய மார்க்கத்தில், 1961-ஆம் ஆண்டுச் சட்டம் வரதட்சணையைத் தடுத்த பின்னரும், கைக்கூலி எதிர்த்திசையில் நடக்கிறது. இரவல் நகை, கடன் விருந்து, அடகு வைத்த வீடு. இவை எந்தப் பாலையாவுக்காக?

நம் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் கல்வெட்டும் சொத்தைக் கேட்கத்தான் செய்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிப்படி, வாரியத்திற்கு வருவோர்க்குக் கால் வேலிக்கு மேல் வரிசெலுத்தும் நிலம் வேண்டும். வேதம் கற்றவர்க்கு மட்டும் அரைக்கால் வேலி போதும். வாரியத்துக்கு ஆள் தேடியவர்கள் கல்விக்காகப் பாதி நிலத்தைத் தள்ளினர். மாப்பிள்ளை தேடிய பாலையா ஒரு குழியும் தள்ளவில்லை.