பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போனார்கள்!

சென்ற ஐப்பசியில் ஒரு சாயங்காலம். தோசைக்கு மாவு கரைத்துக் கொண்டிருந்தேன். எதிர் வீட்டுப் பெண் தலைதெறிக்க ஓடி வந்து, "அக்கா, பையனை வேன் இடிச்சிடுச்சாம்! பைபாஸ்கிட்ட கிடக்கிறானாம்!" என்றாள். கரண்டியைப் போட்டுவிட்டு அவளுடன் ஓடினேன்.

அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் 108-க்குச் சொல்லி, வண்டியும் வந்திருந்தது. பையனுக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. வயிற்றிலும் பலத்த அடி. முகம் வெளுத்துப் போயிருந்தது. எங்களையும் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. வழியில் எங்களுக்குப் பழக்கமான நர்ஸிங் ஹோம். வண்டி நிற்கவே இல்லை!

"இங்கேயே நிறுத்துங்கப்பா! இவ்வளவு பக்கத்துல இருக்கே!" என்று பெற்றவள் கதறினாள். நானும் சேர்ந்து சத்தம் போட்டேன்.

உள்ளே இருந்த தம்பி நிதானமாகச் சொன்னார்: "அம்மா, இங்கே ஸ்கேன் கிடையாது. இந்த நேரத்துல ஆபரேஷன் பண்ற டாக்டரும் இல்லை. இறக்கினா மறுபடி ஏத்தணும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்ல சொல்லிட்டேன். தயாரா இருக்காங்க."

எனக்குச் சுரீரென்றது. 1994-ல், நான் பத்தாவது படிக்கும்போது, என் அப்பாவை லாரி இடித்தது. பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனார்கள். "இங்கே முடியாது" என்றார்கள். இரண்டாவது இடத்தில் டாக்டர் இருந்தார், ரத்தம் இல்லை. மூன்றாவது இடம் போய்ச் சேர நான்கு மணி நேரம். அன்று இரவே அப்பா போய்விட்டார். மூன்று இடத்திலும் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது பையனுக்கு நடந்ததைப் பாருங்கள். வாசலிலேயே தள்ளுவண்டியோடு நின்றார்கள். சீட்டு வாங்க வரிசை இல்லை. உயிருக்கு ஆபத்தானவர்களுக்குச் சிவப்பு, அடுத்து மஞ்சள், லேசான அடிக்குப் பச்சை என்று பிரிக்கிறார்கள். இவன் சிவப்பு. ஸ்கேன், ரத்தம், ஆபரேஷன் எல்லாம் அடுத்தடுத்து நடந்தன.

எந்த ஆஸ்பத்திரியில் என்ன வசதி என்று தரம் பிரித்து, ஆம்புலன்ஸோடு இணைத்து, முன்கூட்டியே தகவல் சொல்லும் இந்த ஏற்பாட்டுக்கு டி.ஏ.இ.ஐ. என்று பெயராம். நர்ஸம்மா விளக்கினார். நம் மாநிலத்தில் 108 வந்தது 2008-ல். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளும் இதில் சேர்த்தி.

சகோதரிகளே, நம் பங்கும் உண்டு. கிடைத்த ஆட்டோவில் மடக்கிப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். கழுத்திலோ முதுகிலோ அடி என்றால் அசைப்பதே ஆபத்து. 108-க்குச் சொல்லி, இடத்துக்குச் சரியான அடையாளம் கொடுங்கள். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். பாவமே என்று தண்ணீரோ காபியோ ஊற்றக் கூடாது. ஆபரேஷனுக்கு அது இடைஞ்சல். உதவப் போனால் போலீஸ் கேஸ் என்று பயப்பட வேண்டாம். உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். பெயர் சொல்லக்கூட கட்டாயம் இல்லை.

பையன் இப்போது கோலூன்றி நடக்கிறான். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்கு யாராவது ஒரு போன் பண்ணியிருந்தா..." என்றாள்.

எங்கள் சமையலறைக் காலண்டரில் இப்போது பால் கணக்குக்கு மேலே 108 என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். கீழே வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் சாப்பிடும் மருந்தின் பெயர். நீங்களும் இன்றே எழுதி வையுங்களேன்!